பிளாக் ஃபாரஸ்ட் கேக்: நம்ம ஊர் பேக்கரியில் கிடைப்பது அசலா? பெயரிலிருந்து காணாமல் போன செர்ரியின் கதை

பிறந்தநாளுக்கு கேக் வாங்க பேக்கரிக்குப் போகிறீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை கிரீம், மேலே சாக்லேட் சீவல், சுற்றிலும் சிவப்புச் செர்ரி. "அண்ணே, பிளாக் ஃபாரஸ்ட் ஒரு கிலோ" என்று சொன்னால் போதும், மேலே பெயர் எழுதுவதுதான் பாக்கி. சின்ன ஊர் டீக்கடை பேக்கரி முதல் பெருநகர நட்சத்திர ஹோட்டல் வரை, இந்தியாவில் இந்த கேக்கைத் தெரியாதவர்கள் குறைவு.

ஆனால் ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்து நம்ம ஊர் பிளாக் ஃபாரஸ்ட்டை ஒரு வாய் சாப்பிட்டால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அந்த கேக் இல்லையே" என்று சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. காரணம், அந்த கேக்கின் உயிர் என்று அவர்கள் நினைக்கும் ஒரு பொருள் நம் கேக்கில் இல்லவே இல்லை.

அது என்ன பொருள்? இந்த கேக் எங்கே பிறந்தது? பெயரில் உள்ள 'கறுப்பு' சாக்லேட்டைக் குறிக்கிறதா? குழந்தைகளுக்கு அசல் பிளாக் ஃபாரஸ்ட்டைக் கொடுக்கலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

ஜெர்மன் மொழியில் இதன் முழுப்பெயர் 'ஷ்வார்ட்ஸ்வேல்டர் கிர்ஷ்டோர்ட்டே'. 'ஷ்வார்ட்ஸ்வால்ட்' என்றால் கருங்காடு. 'கிர்ஷ்' என்றால் செர்ரி. 'டோர்ட்டே' என்றால் அடுக்கடுக்காகச் செய்யப்படும் கேக். மொத்தத்தில், 'கருங்காட்டுச் செர்ரி கேக்'.

இந்தப் பெயர் ஆங்கிலத்துக்குப் போனபோது நடுவில் இருந்த 'செர்ரி' பெரும்பாலும் கழன்று விழுந்துவிட்டது. மிஞ்சியது 'பிளாக் ஃபாரஸ்ட்' மட்டும். ஒரு சொல்தானே போச்சு என்று நினைக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஜெர்மனியில் இரண்டு வேலை. 'கிர்ஷ்' என்பது பழத்தையும் குறிக்கும், அந்தப் பழத்திலிருந்து காய்ச்சி வடிக்கும் சாராயத்தையும் குறிக்கும். பெயரிலிருந்து அது போனதும், கேக்கின் உள்ளிருந்தும் அது போவதற்கு வழி பிறந்துவிட்டது.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடலாம். கேக் மேல் தூவிய சாக்லேட் சீவல் காடு மாதிரி இருப்பதால்தான் இந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். பெயரில் இருப்பது கற்பனைக் காடு இல்லைங்க, உண்மையான ஓர் ஊர்ப் பகுதி.

நம் பேக்கரிகளில் 'ஒயிட் ஃபாரஸ்ட்' என்று ஒரு கேக் விற்கிறதே, அதற்குப் பின்னால் அப்படி எந்தக் காடும் கிடையாது. கறுப்பு என்பது சாக்லேட்டின் நிறம் என்று எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சாக்லேட்டுக்கு வைத்த பெயர் அது.

அந்தக் கருங்காடு எங்கே இருக்கிறது?

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 160 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடர் அது. மிக உயர்ந்த சிகரம் ஃபெல்ட்பெர்க், 1,493 மீட்டர். ஊசியிலை மரங்கள் நெருக்கமாக வளர்ந்து, வெயில் தரையில் விழாத அளவுக்கு அடர்ந்த இருட்டு. அதனால்தான் 'கருங்காடு'. சுவரில் மாட்டும் குக்கூ கடிகாரத்துக்குப் பேர்போன பகுதியும் இதுதான்.

மலையின் மேற்குச் சரிவும் அதை ஒட்டிய ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கும் பழத்தோட்டங்களுக்குப் பெயர் பெற்றவை. அங்கே விளையும் செர்ரியைச் சாப்பிட்டது போக, மீதியைப் புளிக்கவைத்துச் சாராயமாக வடிப்பது பண்ணைக் குடும்பங்களின் பழைய தொழில். பால் மாடுகளும் உண்டு. ஆகவே செர்ரி, பாலாடை, செர்ரிச் சாராயம் மூன்றும் அந்த ஊர் அடுக்களையில் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. மூன்றையும் கேக்குக்குள் கொண்டுவந்தது யார் என்பதில்தான் தகராறு.

யார் கண்டுபிடித்தது?

உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பேர் பெயர் அடிபடுகிறது.

முதலாமவர் யோசஃப் கெல்லர். பான் நகரத்தின் பகுதியாக இன்று இருக்கும் பாட் கோடஸ்பெர்க்கில், 'கஃபே ஆக்னர்' என்ற கடையில் வேலை பார்த்தபோது 1915-இல் தானே இதை முதலில் செய்ததாக அவர் பிற்காலத்தில் சொன்னார். அவரிடம் தொழில் கற்றவர்களின் வழியில் வந்த, ட்ரிபெர்க் ஊரிலுள்ள 'கஃபே ஷேஃபர்', அவருடைய செய்முறை தங்களிடம்தான் இருக்கிறது என்கிறது. கருங்காட்டைச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கடைக்கு ஒரு நடை போய்வருவது வழக்கம்.

இரண்டாமவர் எர்வின் ஹில்டன்பிராண்ட். ட்யூபிங்கன் நகரத்தில் 'கஃபே வால்ஸ்' கடையின் கேக் கலைஞர். அவர் 1930-இல் இதை உருவாக்கினார் என்பது அந்த நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் தேடியவர்கள் முன்வைத்த முடிவு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு ஊருமே கருங்காட்டுக்குள் இல்லை. பாட் கோடஸ்பெர்க் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிறது. ட்யூபிங்கன் காட்டுக்குக் கிழக்கே, வெளியே இருக்கிறது. ஆக, கருங்காட்டின் பெயரைச் சுமக்கும் கேக், கருங்காட்டில் பிறந்ததற்கு வலுவான சான்று எதுவும் இல்லை.

எழுத்தில் கிடைக்கும் ஆதாரம் 1934-இல்தான் தொடங்குகிறது. எரிக் வெபர் என்பவர் தொகுத்த, 250 கேக், இனிப்பு வகைகளைப் பற்றிய தொழில்முறை நூலில் இது இடம்பெற்றது. அந்தக் காலத்தில் இது கிராமத்துப் பலகாரம் அல்ல. பெர்லின் மாதிரியான பெருநகரங்களின் உயர்தரக் கடைகளில் கிடைத்த நாகரிகப் பண்டம். 1949-இல் ஜெர்மனியின் பிரபலமான கேக்குகளின் வரிசையில் இதற்கு 13-ஆவது இடம்தான். அதற்குப் பிறகுதான் கிடுகிடுவென மேலே ஏறி, இன்று உலகில் அதிகம் அறியப்பட்ட ஜெர்மன் கேக் ஆகிவிட்டது.

ஏன் 20-ஆம் நூற்றாண்டில்? ஒரு எளிய காரணத்தை யோசித்துப் பார்க்கலாம். அடித்து நுரைத்த பாலாடை சூடு பட்டால் உருகிவிடும். முழுக்க முழுக்க அதையே பூசிய கேக்கைக் கடையில் நாள் முழுக்க வைத்து விற்கக் குளிர்பதன வசதி வேண்டும். 'பாரம்பரியம்' என்று நாம் சொல்லும் இந்த கேக், உண்மையில் ஃப்ரிட்ஜ் காலத்துப் பிள்ளை.

சிவப்புக் குஞ்சத் தொப்பிக் கதை உண்மையா?

கருங்காட்டின் படங்களில் ஒரு விசித்திரமான தொப்பியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தொப்பி மேல் பந்து பந்தாகச் சிவப்புக் கம்பளிக் குஞ்சங்கள். 'போலன்ஹூட்' என்று பெயர். திருமணமாகாத பெண்கள் சிவப்புக் குஞ்சமும், திருமணமானவர்கள் கறுப்புக் குஞ்சமும் வைத்த தொப்பி அணிவார்கள். வெள்ளை கிரீம் ரவிக்கையையும், சாக்லேட் கறுப்பு உடையையும், செர்ரி சிவப்புக் குஞ்சத்தையும் குறிக்கிறது. அதனால்தான் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொப்பி கருங்காடு முழுவதற்கும் பொதுவான உடை அல்ல. குட்டாக், கிர்ன்பாக், ரைஷன்பாக் என்ற மூன்று ஊர்களின் வழக்கம் மட்டுமே. 1950-இல் வந்த 'ஷ்வார்ட்ஸ்வால்ட்மேடல்' என்ற வண்ணத் திரைப்படம் பெரிய வெற்றி பெற்ற பிறகு, அந்தத் தொப்பி மொத்தக் கருங்காட்டுக்கும் அடையாளச் சின்னம் ஆனது. கேக்கின் பெயரோ அதற்கு முன்பே புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆகவே தொப்பியிலிருந்து கேக்குக்குப் பெயர் வந்தது என்பதைவிட, பெயர் வந்த பிறகு தொப்பியைப் பொருத்திப் பார்த்தார்கள் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். பெயருக்கு இன்னும் நேரான காரணம் ஒன்று இருக்கிறது.

கிர்ஷ்வாஸர்: கேக்கின் உயிர்

'கிர்ஷ்வாஸர்' என்றால் சொல்லுக்குச் சொல் 'செர்ரித் தண்ணீர்'. பார்க்கவும் தண்ணீர் மாதிரிதான் தெளிவாக இருக்கும். நம்பி ஒரு மடக்கு குடித்துவிடாதீர்கள். ஐரோப்பிய விதிப்படி பழச்சாராயத்தில் குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும்.

செர்ரியைக் கொட்டையோடு சேர்த்துப் புளிக்கவைத்து, காய்ச்சி வடிப்பார்கள். பல கிலோ பழம் போட்டால்தான் ஒரு பாட்டில் தேறும். இதில் இனிப்பு கிடையாது. கொட்டையிலிருந்து இறங்கும் லேசான பாதாம் வாசம்தான் இதன் அடையாளம். சர்க்கரை சேர்த்த, சிவப்பு நிறச் செர்ரி மதுபானங்கள் வேறு, இது வேறு.

கருங்காட்டில் வடிக்கப்படும் கிர்ஷ்வாஸருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு. அதாவது வேறு ஊரில் வடித்துவிட்டு 'கருங்காட்டுக் கிர்ஷ்வாஸர்' என்று விற்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் மேற்கு வங்க ரசகுல்லாவுக்கும் நம் நாட்டில் கிடைத்திருப்பது போன்ற பாதுகாப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கருங்காட்டு ஹாம்' என்ற பன்றி இறைச்சிக்கும் அங்கே இதே பாதுகாப்பு இருக்கிறது.

ஆனால் கேக்குக்கு அது இல்லை. மியூனிக்கிலோ மும்பையிலோ மதுரையிலோ யார் வேண்டுமானாலும் செய்து இந்தப் பெயரில் விற்கலாம். கேக்கின் பெயரில் கருங்காடு வந்ததற்கு இந்தச் சாராயம்தான் காரணம் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

ஜெர்மன் விதி என்ன சொல்கிறது?

ஊருக்குப் பாதுகாப்பு இல்லை என்றாலும், ருசிக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். எந்தப் பெயரில் விற்கும் உணவில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் 'ஜெர்மன் உணவுத் தொகுப்பு' என்ற வழிகாட்டி அங்கே உண்டு. இது நேரடியான சட்டம் இல்லை. ஆனால் உணவு ஆய்வாளர்களும் நீதிமன்றங்களும் சந்தேகம் வரும்போது இதைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள்.

அதன்படி இந்த கேக் கிர்ஷ்வாஸர் சேர்த்த பாலாடை கேக்காகவோ, வெண்ணெய் கிரீம் கேக்காகவோ, இரண்டும் கலந்ததாகவோ இருக்க வேண்டும். உள்ளே செர்ரி இருக்க வேண்டும். கறுப்பு ஸ்பாஞ்ச் பயன்படுத்தினால் அதில் குறைந்தது 3 சதவீதம் கோகோ தூள் வேண்டும். மேலே சாக்லேட் சீவல் தூவ வேண்டும். முக்கியமான நிபந்தனை: கிர்ஷ்வாஸரின் ருசி நாக்கில் தெளிவாகத் தெரிய வேண்டும். இத்தனை மில்லி என்று அளவு சொல்லவில்லை பாருங்கள். தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வரையறையை ஊன்றிப் படித்தால் ஒரு விஷயம் புரியும். நாம் சாக்லேட் கேக் என்று நினைக்கும் இதில், சாக்லேட்டுக்குக் கேட்கப்படுவது 3 சதவீதக் கோகோவும் மேலே கொஞ்சம் சீவலும்தான். கதாநாயகன் செர்ரி. சாக்லேட் துணை நடிகர். நம் ஊரில் பாத்திரம் மாறிவிட்டது.

அசல் கேக்கை எப்படி அடுக்குகிறார்கள்?

கடைக்குக் கடை கைப்பக்குவம் மாறும். பொதுவான முறை இது. கீழிருந்து மேலாகப் போவோம்.

* அடித்தட்டு: பல கடைகளில் அடியில் மெல்லிய வெண்ணெய் பிஸ்கட் தட்டு ஒன்று இருக்கும். ஈரமான கேக் நொறுங்காமல் தாங்குவதற்கு. மேலே கொஞ்சம் ஜாம் தடவி ஸ்பாஞ்சை ஒட்டுவார்கள்.
* ஸ்பாஞ்ச்: முட்டையை நன்றாக நுரைக்க அடித்து, மாவும் கோகோவும் சேர்த்துச் சுட்டது. ஆறிய பிறகு குறுக்காக மூன்றாக அறுப்பார்கள்.
* ஊறல்: சர்க்கரைப் பாகில் கிர்ஷ்வாஸர் கலந்து ஒவ்வொரு தட்டின் மேலும் தடவுவார்கள். சொதசொதவென்று ஆகக் கூடாது. ஈரம் மட்டும் இறங்க வேண்டும்.
* செர்ரி: இனிப்புச் செர்ரி அல்ல, புளிப்புச் செர்ரி. அதன் சாற்றைக் கார்ன்ஃபிளார் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சி, பழத்தைக் கலந்து பரப்புவார்கள். கிரீமின் கொழுப்பையும் சர்க்கரையின் திகட்டலையும் வெட்டுவது இந்தப் புளிப்புதான்.
* கிரீம்: பசும்பாலாடையை அடித்து, நிற்பதற்குச் சிறிது ஜெலட்டின் சேர்த்து, அதிலும் கிர்ஷ்வாஸர் விடுவார்கள். சர்க்கரை குறைவாகவே போடுவார்கள்.
* அலங்காரம்: பக்கவாட்டிலும் நடுவிலும் கறுப்புச் சாக்லேட் சீவல். ஓரத்தில் துண்டுக்கு ஒன்றாக கிரீம் பூ, பூவுக்கு ஒன்றாகச் செர்ரி.

பிறகு சில மணி நேரம் குளிரில் வைக்க வேண்டும். அப்போதுதான் ஊறல் இறங்கி, அடுக்குகள் ஒன்றோடொன்று சேரும். கருங்காட்டிலுள்ள டோட்னௌபெர்க் என்ற மலைக்கிராமத்தில் 2006 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த கேக்குக்காகவே திருவிழா நடக்கிறது. தொழில்முறைக் கலைஞர்களும் வீட்டில் செய்கிறவர்களும் போட்டி போடுவார்கள். அதே 2006-இல் ரஸ்ட் நகரத்தின் யூரோப்பா பூங்காவில் ஏறத்தாழ 3 டன் எடையில் ஒரு ராட்சத கேக் செய்தார்கள். அதற்கு மட்டும் 120 லிட்டர் கிர்ஷ்வாஸர் போனது.

உரிமையாளர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் இதற்கு நேர்மாறான கதை ஒன்று இருக்கிறது. வியன்னாவின் புகழ்பெற்ற சாக்லேட் கேக் 'ஸாகர்டோர்ட்டே'. கறுப்புச் சாக்லேட் பூச்சு, அதற்குள் ஆப்ரிகாட் ஜாம். 1832-இல் இளவரசர் மெட்டர்னிக் வீட்டு விருந்துக்காக, ஃபிரான்ஸ் ஸாகர் என்ற 16 வயதுப் பயிற்சிச் சிறுவன் செய்தது என்று குடும்பக் கதை சொல்கிறது. அவருடைய மகன் எடுவார்ட், வியன்னாவின் 'டெமல்' இனிப்பகத்தில் தொழில் பழகியவர். 1876-இல் அவர் தொடங்கியதுதான் 'ஹோட்டல் ஸாகர்'.

1930-களில் ஹோட்டல் நொடித்து வேறு கைக்கு மாறியது. குடும்ப வாரிசு செய்முறையோடு டெமலுக்குப் போய்விட்டார். 'அசல் ஸாகர் கேக்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை யாருக்கு என்று இரு தரப்பும் நீதிமன்றப் படி ஏறின. கேக்கை நடுவில் அறுத்து ஜாம் தடவ வேண்டுமா, மேலே மட்டும் தடவினால் போதுமா என்பதற்கெல்லாம் சாட்சி விசாரணை நடந்தது. எழுத்தாளர் ஃபிரீட்ரிஷ் டோர்பெர்க்கே சாட்சி சொன்னார். கடைசியில் 1963-இல் சமரசம் ஆனது. 'அசல்' என்ற சொல் ஹோட்டலுக்கு. எடுவார்ட் ஸாகர் பெயரோடு முக்கோண முத்திரை டெமலுக்கு.

பலன்? ஸாகர் கேக் என்றால் இன்றும் வியன்னாதான். அங்கே போனவர்கள் மரப்பெட்டியில் வாங்கிவருகிறார்கள். பிளாக் ஃபாரஸ்ட்டுக்கு அப்படி ஒரு முத்திரையும் இல்லை, வழக்குப் போட ஒரு குடும்பமும் இல்லை. அதனால்தான் அது எல்லை தாண்டி எல்லா ஊருக்கும் போக முடிந்தது. அதே காரணத்தால்தான் போகிற இடத்தில் எல்லாம் உருவம் மாறவும் முடிந்தது. 1970-களில் பிரிட்டனில் வெளியே போய்ச் சாப்பிடுகிறவர்களின் மேசையில் கட்டாய இனிப்பாகவே ஆகிவிட்டது.

இந்தியாவில் என்ன மாறியது?

மூன்று மாற்றங்களைச் சொல்லலாம்.

முதலாவது, சாராயம் போனது. பிறந்தநாள் கேக் என்பது நம் நாட்டில் முதலில் குழந்தைகளுக்கானது. பல குடும்பங்களில் மது வீட்டுக்குள் நுழையாது. சாதாரண பேக்கரிக்குக் கிர்ஷ்வாஸர் கிடைப்பதும் எளிதல்ல. அந்த இடத்தை வெறும் சர்க்கரைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது, செர்ரி மாறியது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கேக் மேலும், பன்னிலும், பீடாவிலும் நீங்கள் பார்க்கும் சிவப்புச் 'செர்ரி' பல நேரங்களில் செர்ரியே இல்லை. நம் ஊர் வேலியோரம் காய்க்கும் களாக்காய்! கொட்டையை எடுத்துவிட்டு, சிவப்புச் சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்தால் பார்க்க அச்சு அசல் செர்ரி மாதிரியே இருக்கும். காஷ்மீரிலும் இமாச்சலிலும் உண்மையான செர்ரி விளைகிறது. ஆனால் கோடையில் சில வாரங்கள்தான் கிடைக்கும், விலையும் அதிகம். களாக்காய் இயல்பிலேயே நல்ல புளிப்பு. பாகில் ஊறியதும் அந்தப் புளிப்பு காணாமல் போய், வெறும் தித்திப்புதான் மிஞ்சுகிறது.

மூன்றாவது, கிரீம் மாறியது. பசும்பாலாடை நம் வெயிலுக்கு நிற்காது. கடையிலிருந்து வீட்டுக்கு பைக்கில் கொண்டுபோவதற்குள் சரிந்துவிடும். அதனால் தாவரக் கொழுப்பில் செய்த 'விப் டாப்பிங்' வந்தது. அது நிற்கும், விலையும் குறைவு. வாயில் கொஞ்சம் பிசுபிசுவென ஒட்டுகிறதே என்று தோன்றினால் காரணம் இதுதான்.

இதோடு முட்டை இல்லாத வகையும் சேர்ந்துகொண்டது. மைதா, கோகோ, சோடா உப்பு வைத்துச் செய்யும் 'எக்லெஸ் பிளாக் ஃபாரஸ்ட்' இந்திய பேக்கரிகளின் தனிச் சாதனை என்றே சொல்லலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

*ஜெர்மனியில் அல்லது ஐரோப்பாவில் சாப்பிட்டால்:* சாராயம் ஸ்பாஞ்சைச் சுட்ட பிறகுதான் சேர்க்கப்படுகிறது. அடுப்புச் சூட்டில் ஆவியாகிப் போக வாய்ப்பே இல்லை. ஆகவே குழந்தைகள், கர்ப்பிணிகள், மதுவை விட்டவர்கள், மத நம்பிக்கையால் மதுவைத் தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். 'ஓனே அல்கொஹோல்' என்றால் ஜெர்மன் மொழியில் 'ஆல்கஹால் இல்லாமல்' என்று அர்த்தம். கிரீமில் உள்ள ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுக்கப்படுவது. சைவம் சாப்பிடுகிறவர்களும் ஹலால் பார்க்கிறவர்களும் இதையும் கேட்பது நல்லது.

*இந்தியாவில் வாங்கினால்:* பெட்டியில் அடைத்து விற்கும் கேக்கில் பச்சை வட்டம் இருந்தால் சைவம். முட்டை சேர்த்தது அசைவக் குறியீட்டின் கீழ் வரும். பொருட்களின் பட்டியலில் 'வெஜிடபிள் ஃபேட்' இருந்தால், உள்ளே இருப்பது பாலாடை கிரீம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் கேக்கில் லேபிள் இருக்காது. வாய் விட்டுக் கேட்பதுதான் வழி.

*வீட்டில் செய்தால்:* சாராயம் இல்லாமலும் அசலுக்குப் பக்கத்தில் போகலாம். செர்ரிச் சாற்றைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விடுங்கள். இந்தியச் செர்ரி இனிப்பானது என்பதால் இந்தப் புளிப்பு தேவை. ஒன்றிரண்டு துளி பாதாம் எசன்ஸ் சேர்த்தால், கொட்டையோடு வடித்த கிர்ஷ்வாஸரின் வாசனை லேசாக வரும். ஆறிய பிறகு ஸ்பாஞ்சில் தடவுங்கள். கிரீமில் சர்க்கரையைக் குறையுங்கள்.

அப்படின்னா எதுதான் அசல்?

முதலில் செய்தவர் யாரென்று தெரியாது. பிறந்த ஊரும் நிச்சயமில்லை. வயதும் நூறு ஆண்டுகளைச் சுற்றித்தான். இத்தனை இருந்தும் ஜெர்மானியர்கள் இதைத் தங்கள் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறார்கள் என்றால், அவர்கள் பிடித்து வைத்திருப்பது பிறப்புச் சான்றிதழை அல்ல. தங்கள் மண்ணின் பழமும், அதை வடிக்கும் கைத்தொழிலும் நாக்கில் தெரிய வேண்டும் என்ற அந்த ஒரே நிபந்தனையைத்தான்.

நம் பேக்கரி கேக்கைப் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. நம் வெயிலுக்கும் வீட்டு வழக்கத்துக்கும் ஏற்ப அது தன் வழியில் வளர்ந்த வேறொரு கேக். எத்தனையோ பேரின் முதல் பிறந்தநாள் புகைப்படத்தில் இருப்பது அதுதான். ஆனால் சாயம் ஏற்றிய களாக்காயைச் செர்ரி என்றும், தாவரக் கொழுப்பைக் கிரீம் என்றும் சொல்லி விற்பது வேறு விஷயம். அங்கே மாறியது ருசி மட்டுமல்ல, வாங்குகிறவருக்குச் சொல்லப்படும் தகவலும்தான்.

அதனால் அடுத்த முறை பிளாக் ஃபாரஸ்ட் ஆர்டர் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கிரீம் பால் கிரீமா? செர்ரி நிஜச் செர்ரியா?" இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாம். இல்லை என்று வந்தாலும் வாங்கலாம், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு.